சாரா: எந்த மதம்னு சொல்லாத ஒரு பெயர்

(ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்.)

இந்த வாரம் கோடிங் கிடையாது, ஆஃபீஸ் புலம்பல் கிடையாது. ஒரே ஒரு பெயரைப் பத்தி மட்டும் பேசப் போறோம். அதுவும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச, ரொம்பச் சாதாரணமான ஒரு பெயர்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில என் காலேஜ் தோழி போன் பண்ணினாள். அவளுக்கு எட்டாவது மாசம். "பொண்ணு பிறந்தா சாரான்னு வைக்கலாம்னு இருக்கோம்டி. நீதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிச்சிட்டே இருப்பியே, அதுக்கு என்ன அர்த்தம்னு பாத்துச் சொல்லு. ஏடாகூடமா எதுவும் இருந்துடக் கூடாது"ன்னாள்.

அவள் பாளையங்கோட்டைக்காரி, சிஎஸ்ஐ குடும்பம். அவளோட வீட்டுக்காரர் திருச்சி, முஸ்லிம் குடும்பம். ரெண்டு வீட்டுலயும் சண்டை இல்லாமல் ஒத்துக்கிட்ட ஒரே பெயர் இதுதானாம். அவளோட ஆச்சி பெயர் சாராள். அவர் வீட்டுல, அது இப்ராஹிம் நபியோட மனைவி பெயர். ரெண்டு பக்கமும் சந்தோஷம்.

ஆனா அவள் இன்னொரு காரணமும் சொன்னாள். கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரும் வீடு தேடி அலைஞ்சிருக்காங்க. போன்ல வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிச்சிடுவாங்க. கடைசியா, "சார் பேரு என்ன?"ன்னு ஒரு கேள்வி வரும். பெயரைச் சொன்னதும், "வீடு நேத்தே முடிஞ்சிடுச்சுங்க"ன்னு பதில் வரும். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல. "என் பொண்ணு பேரைக் கேட்டு, அவ என்ன ஆளுன்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. சாரான்னா யாரா வேணா இருக்கலாம், இல்ல?"

நானும், "ஆமா, சூப்பர் பேரு"ன்னு சொல்லி போனை வெச்சேன். அன்னிக்கு ராத்திரி படிக்க உக்காந்தேன். படிச்சு முடிச்சதும், இதை அவள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல அர்த்தத்துலேர்ந்து ஆரம்பிப்போம். சாரா ஒரு ஹீப்ரு பெயர், அதாவது எபிரேய மொழிப் பெயர். எபிரேயத்துல 'சர்'னா அதிகாரி, தலைவன், பிரபு. அதோட பெண்பால்தான் 'சாரா'. தலைவி, இளவரசின்னு சொல்லலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய மொழியான அக்காடியன்ல 'ஷர்ரு'ன்னா ராஜா, 'ஷர்ரத்து'ன்னா ராணி. மெசபடோமியாவுல களிமண் பலகையில எழுதிட்டு இருந்தாங்களே, அந்த மொழி. ஆக, ஆட்சி செய்யறவங்க வீட்டு வார்த்தை இது.

யூதர்களுக்கு அந்தப் பெயர் முக்கியமானதுக்கு அர்த்தம் மட்டும் காரணம் இல்லை. அவங்க வேதத்தோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல ஆபிரகாமோட மனைவியா வர்றவங்களோட பெயர் அது. ஆனா அவங்க முதல்ல சாரா கிடையாது. 'சாராய்'. பதினேழாவது அதிகாரத்துல, "இனிமேல் அவளைச் சாராய்னு கூப்பிடாதே, அவள் பெயர் சாரா"ன்னு கடவுள் ஆபிரகாம்கிட்ட சொல்றார்.

இதுல மாறினது ஒரே ஒரு எழுத்து. கடைசியில இருந்த 'யோத்' போய், 'ஹே' வந்தது. யோத் நம்ம ய் மாதிரி, ஹே நம்ம ஹ மாதிரி. தமிழ் பைபிளை எடுத்துப் பார்த்தா அங்கேயும் இதே வேலை நடந்திருக்கு. சாராய், சாராள் ஆகிறாள். ய் போகுது, ள் வருது. ரெபெக்காள், லேயாள், மரியாள்னு நம்ம ஊர்ப் பெண்பால் வாலை ஒட்டியிருக்காங்க. ஒரே எழுத்துல நடக்கிற மாற்றம் மட்டும் மொழிபெயர்ப்புலயும் தப்பிப் பிழைச்சிருக்கு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதா இல்லாம, தானா அமைஞ்ச மாதிரி இருக்கு.

யூத அறிஞர்கள் இந்த ஒரு எழுத்தை வெச்சு நிறைய யோசிச்சிருக்காங்க. எபிரேயத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. யோத் 10. ஹே 5. சாராகிட்ட இருந்து எடுத்த 10 எங்கே போச்சு? பாதி அவளுக்கே ஹேயா திரும்பி வந்தது. மீதிப் பாதி அவள் புருஷனுக்குப் போச்சு. அவரும் அதே அதிகாரத்துலதான் ஆப்ராம்லேர்ந்து ஆப்ரஹாம் ஆகிறார், ஒரு ஹே கூடுது. 10 = 5 + 5. கணக்கு டாலி ஆயிடுச்சு.

இந்த இடத்துல எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டு யூனிகோட் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அதுலயும் ஹே ஐந்தாவது எழுத்து, யோத் பத்தாவது எழுத்து. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் சரியா 5. இது அதிசயம் இல்லை, அகர வரிசைப்படிதானே எண் கொடுப்பாங்க. இருந்தாலும் பார்த்ததும் ஒரு சின்ன சிரிப்பு வந்தது.

இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிச்சது. பெயர்லேர்ந்து தூக்கி எறியப்பட்ட யோத் நேரா கடவுள்கிட்ட போய்ப் புலம்புச்சாம்: "நான் இருக்கிறதுலயே சின்ன எழுத்துங்கறதால என்னை எடுத்துட்டியா?" அதுக்குக் கடவுள், "இதுவரைக்கும் நீ ஒரு பெண்ணோட பெயர்ல கடைசி எழுத்தா இருந்தே. உன்னை ஒரு ஆணோட பெயர்ல முதல் எழுத்தா வைக்கிறேன்"னு சமாதானம் சொன்னாராம். அப்படித்தான் ஹோஷேயாங்கறவர் யெஹோஷுவா ஆனார், நம்ம தமிழ் பைபிள்ல யோசுவா. கடைசியில ஒரு எழுத்துக்குக்கூட அநியாயம் நடக்கக் கூடாதுன்னு ஒரு சமூகம் ஆயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி கவலைப்பட்டிருக்கு. இந்த வரியை மனசுல வெச்சுக்குங்க, அப்புறம் தேவைப்படும்.

சாரான்னா முதல்ல ஞாபகம் வர வேண்டியது சிரிப்பு. கிழவியான பிறகு குழந்தை பிறக்கும்னு சொன்னதைக் கேட்டுக் கூடாரத்துக்குள்ள நின்னு சிரிச்சவள் அவள். பிறந்த பிள்ளைக்கு ஈசாக்குன்னு பெயர், 'சிரிப்பான்'னு அர்த்தம். குர்ஆன்ல அவளோட பெயர் வராது. ஆனா இப்ராஹிம் நபியோட மனைவி நின்னு சிரிச்சது அங்கேயும் வருது. யூத வேதத்துல எத்தனையோ பெண்கள் வர்றாங்க, ஆனா எத்தனை வயசுல இறந்தாங்கன்னு சொல்லியிருக்கிற ஒரே பெண் சாராதான். 127 வயசு.

யூத வீடுகள்ல வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா அம்மா பெண் குழந்தைகள் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. சாரா, ரெபெக்கா, ராகேல், லேயா மாதிரி நீ இருக்கணும்னு. யூத மதத்துக்குப் புதுசா வர்ற ஒரு பெண்ணுக்கு, 'ஆபிரகாம், சாராவின் மகள்'னு பெயர் எழுதுவாங்க. பெற்றவங்க யாரா இருந்தாலும் சரி, சாரா உனக்கும் அம்மா. அதாவது இந்தப் பெயர் ஒரு கதவு. உள்ளே கூப்பிடற பெயர்.

அப்புறம் இந்தப் பெயர் ஊர் ஊரா நடக்க ஆரம்பிச்சது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசின யிட்டிஷ் மொழியில செல்லமா 'சோரலே' ஆச்சு, 'ட்ஸைட்டல்' ஆச்சு. இங்கிலீஷ்ல சாலி, சேடி ரெண்டுமே சாராவோட செல்லப் பெயர்களாத்தான் ஆரம்பிச்சது. கேரளத்துல சாறாம்மா. பஷீரோட 'பிரேமலேகனம்' படிச்சவங்களுக்கு அந்தச் சாறாம்மாவைத் தெரியும். பாளையங்கோட்டையில சாராள் தக்கர் கல்லூரி. கொச்சி மட்டாஞ்சேரியில யூதத் தெருவுக்குப் போனவங்க சாரா கோஹன் பாட்டியோட எம்ப்ராய்டரி கடையைப் பார்த்திருக்கலாம். 2019ல தன்னோட 96வது வயசுல காலமானாங்க. அவங்களோட கடைசி வருஷங்கள்ல கடையையும் அவங்களையும் பார்த்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம்.

இதுவரைக்கும் படிச்சப்போ எனக்கு ஒரே குஷி. தோழிக்கு வாய்ஸ் நோட் அனுப்பலாம்னு மொபைலைக்கூட எடுத்துட்டேன். அடுத்த பக்கத்துல ஒரு தேதி இருந்தது. 1938 ஆகஸ்ட் 17.

அன்னிக்கு ஜெர்மனியில நாஜி அரசு ஒரு ஆணை போட்டது. பெயர்களைப் பத்தின ஆணை. இனிமேல் யூதர்கள் அரசு அனுமதிச்ச பெயர்களை மட்டும்தான் வைக்கணும். அதுக்கு உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வெளியிட்டது. பெண்களுக்கு கிட்டல், ட்ஸிப்போரா, ஹதாஸே மாதிரி பெயர்கள். உங்க பெயர் அந்தப் பட்டியல்ல இல்லைன்னா, 1939 ஜனவரி 1லேர்ந்து நீங்க இன்னொரு பெயரைச் சேர்த்துக்கணும். ஆண்களுக்கு 'இஸ்ரேல்'. பெண்களுக்கு 'சாரா'.

ஆமா. எல்லாருக்கும். மார்கரெட்டே, இனிமே மார்கரெட்டே சாரா. அன்னா, இனிமே அன்னா சாரா. நீங்களே பதிவு அலுவலகத்துக்கும் போலீசுக்கும் எழுதித் தெரிவிக்கணும். ஒப்பந்தம், வியாபாரம், அரசுக் கடிதம் எதுலயும் அந்தப் பெயர் இருக்கணும். வேணும்னே விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். மறந்து விட்டாலும் ஒரு மாசம் வரைக்கும். அதே வருஷம் அக்டோபர்ல யூதர்களோட பாஸ்போர்ட்ல 'ஜே' எழுத்தை முத்திரையா குத்த ஆரம்பிச்சாங்க.

ஏன் இப்படி ஒரு ஆணை? பெரும்பாலான ஜெர்மன் யூதர்களோட பெயர் மற்ற ஜெர்மானியர்களோட பெயர் மாதிரியேதான் இருந்தது. பெயரைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியலை. அரசுக்கு அதுதான் பிரச்சினை.

ரூத்னு ஒரு பெயர் இருக்கு. யூத வேதத்துல ஒரு முழுப் புத்தகமே ரூத் பெயர்லதான் இருக்கு. இதைவிட யூதப் பெயர் வேணுமா? ஆனா ரூத்தும் 'ரூத் சாரா' ஆக வேண்டியிருந்தது. ஏன்னா நிறைய கிறிஸ்தவ ஜெர்மானியர்களும் ரூத்னு பெயர் வெச்சிருந்தாங்க. அதிகாரிகளுக்குப் பெயரோட அர்த்தமோ, மூலமோ வேண்டியிருக்கலை. அது பிரிச்சுக் காட்டுதான்னு மட்டும்தான் பார்த்தாங்க.

நான் தினமும் டேட்டாபேஸ் கூட மல்லுக்கட்டறவள். அதனால இதை எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். ஒரு டேபிள்ல 'முதல் பெயர்'னு ஒரு காலம் இருக்கு. பல லட்சம் வரிசை இருக்கு. ஆனா எல்லா வரிசையிலயும் ஒரே மதிப்பைப் போட்டா, அது பெயரே கிடையாது. அது ஒரு பூலியன். ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில் சொல்ற ஒரு கொடி. அந்தக் கொடிக்கு அவங்க தேர்ந்தெடுத்த வார்த்தை, ஒரு சமூகம் தன் பெண் குழந்தைகள் தலையில கை வெச்சுச் சொல்ற வார்த்தை. உள்ளே கூப்பிடறதுக்கு இருந்த பெயரை வெளியே தள்றதுக்குப் பயன்படுத்தினாங்க.

இந்தப் பெயர்ச் சட்ட வேலைகள்ல பங்கெடுத்த ஒரு அதிகாரி ஹான்ஸ் குளோப்கே. சட்டம் படிச்சவர், கோப்பு எழுதறவர். போருக்குப் பிறகு, 1953லேர்ந்து 1963 வரைக்கும் மேற்கு ஜெர்மனியோட பிரதமர் அடெனாவர் அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை அதிகாரி. ஃபார்ம் எழுதறவங்க கையில ரத்தம் படியறதில்லை பாருங்க.

என்னோட ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் எழுதினேன். 'கடைசிப் பெயர்' கட்டாயம்னு ஸ்டார் போட்டேன். இன்ஷியல் மட்டும் வெச்சிருக்கிற வீட்டுல பிறந்தவள்தான் நானும். இருந்தும் யோசிக்கலை. கொஞ்ச நாள்ல டேட்டாபேஸைத் திறந்து பார்த்தா, எத்தனையோ பேர் அந்த இடத்துல வெறும் புள்ளி வெச்சிருந்தாங்க. அதையும் இதையும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. என்னோடது அஜாக்கிரதை, அவங்களோடது கொலைக்கு முன்னாடி எடுத்த கணக்கு. ஆனா ஒரு கட்டம் வரைஞ்சு, 'இதை நிரப்பு'ன்னு சொல்ற இடத்துல எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சது.

ஒருத்தங்களைப் பத்தி மட்டும் சொல்றேன். ரெகினா யோனாஸ். 1902ல பெர்லின்ல பிறந்தவங்க. யூத மத குருவை ரப்பின்னு சொல்வாங்க. பெண் ரப்பி ஆக முடியுமான்னு யூதச் சட்டத்தை வெச்சே 1930ல ஆய்வு எழுதி, முடியும்னு வாதாடினாங்க. 1935 டிசம்பர்ல ரப்பியா பட்டம் வாங்கினாங்க. உலகத்துலயே முறைப்படி ரப்பி பட்டம் வாங்கின முதல் பெண் அவங்கதான். 'ஃப்ராய்லைன் ரப்பினர் யோனாஸ்'னு கூப்பிட்டாங்க. குமாரி ரப்பி யோனாஸ்.

ரெகினான்னா லத்தீன்ல ராணி. ராணின்னு அர்த்தம் இருக்கிற பெயர் அந்தப் பட்டியல்ல இல்லை. அதனால 1939லேர்ந்து சட்டப்படி அவங்க ரெகினா சாரா யோனாஸ். ராணிக்குப் பக்கத்துல ஒரு இளவரசியைத் திணிச்சு அவமானப்படுத்தினதா நினைச்சாங்க. ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிஞ்ச ஒருத்தங்ககிட்டயே.

1942 நவம்பர்ல, அவங்க தன்கிட்ட இருக்கிற பொருட்கள் எல்லாத்தையும், புத்தகங்கள் உட்பட, ஒரு ஃபார்ம்ல எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த சில நாள்ல தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டு போனாங்க. அங்கேயும் ரெண்டு வருஷம் பிரசங்கம் செஞ்சாங்க. விக்டர் ஃபிராங்க்ல் தெரியும் இல்லையா, மனநல மருத்துவர்? முகாமுக்குப் புதுசா வர்றவங்க அதிர்ச்சியில உடைஞ்சு போகாமப் பார்த்துக்கிற வேலையை அவர்கூடச் சேர்ந்து செஞ்சாங்க. 1944 அக்டோபர்ல ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவங்களைப் பத்தி யாரும் பெருசா பேசலை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991லதான் ஒரு ஆய்வாளர் ஆவணக் காப்பகத்துல அவங்களோட காகிதங்களைக் கண்டெடுத்தார்.

அந்தப் பெயர் ஆணையை 1945 செப்டம்பர் 20 அன்னிக்கு நேச நாடுகளோட கட்டுப்பாட்டுக் குழு தன்னோட முதல் சட்டத்துலயே ரத்து பண்ணிச்சு. ஆனா பிறப்புப் பதிவேடுகள்ல ஓரமா எழுதின குறிப்பு காகிதத்துலேர்ந்து தானா போயிடலை. அதை ரத்து செஞ்சு பக்கத்துல இன்னொரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எடுத்த எழுத்துக்காக ஒரு யோத் புலம்பினதுன்னு கதை சொன்ன சமூகம் அது. கேட்காமச் சேர்த்த எழுத்துக்காக எத்தனை பேர் உள்ளுக்குள்ள புலம்பியிருப்பாங்க?

அதுக்குப் பிறகும் யூதர்கள் சாராங்கற பெயரை விடலை. இன்னிக்கும் பிறக்கிற குழந்தைகளுக்கு வைக்கிறாங்க. எனக்கு இந்தக் கதையிலயே முக்கியமான இடம் இதுதான்னு தோணுது. அரசு அதைக் கறைப்படுத்தினதுன்னு சொல்லி அந்தப் பெயரை அவங்ககிட்டயே விட்டுட்டு வந்துடலை. அம்மாக்களும் பாட்டிகளும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

சரி, என் தோழி. எட்டு மாசக்காரிகிட்ட இதைச் சொல்லலாமான்னு ரெண்டு நாள் தவிச்சேன். அப்புறம் போன் பண்ணினேன். இளவரசி, சிரிப்பு, யோத்தோட புலம்பல் எல்லாத்துக்கும் சிரிச்சாள். 1938 வந்ததும் அமைதியாயிட்டாள். நான் முடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் பேசலை. "ஏன்டி, லைன்ல இருக்கியா?"ன்னு கேட்டேன்.

"இருக்கேன். அந்த ரப்பி அம்மா பேரு என்ன சொன்னே?"

"ரெகினா."

"அவங்க பேரை வெச்சுக் கண்டுபிடிக்க முடியலைன்னுதானே இன்னொரு பேரை ஒட்டினாங்க?"

"ஆமா."

"அப்போ என்ன பேரு வெச்சாலும், பிரிக்கணும்னு நினைக்கிறவன் ஏதாவது ஒரு வழி கண்டுபிடிப்பான். இல்ல?"

என்கிட்ட பதில் இல்லை. அவளே தொடர்ந்தாள்: "பேரு சாராவேதான். ஆனா யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு வைக்கலை. எங்க ஆச்சிக்காக வைக்கிறேன். எவனாவது வீடு கேக்கும்போது பேரைக் கேட்டா, முழுக் கதையையும் சொல்லச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் கேக்கட்டும்."

எனக்குத் தெரிஞ்சு, வாடகைக்கு வீடு பேசற போன் கால்ல இதெல்லாம் நடக்காது. அவளுக்கும் தெரியும். ஆனா அதே பெயரை, பயத்துக்காக வைக்கிறதுக்கும் ஆச்சிக்காக வைக்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய தூரம் இருக்கு. அந்தத் தூரத்தை அவள் ஒரு போன் கால்ல நடந்து முடிச்சிட்டாள். இந்த எபிசோட் பதிவு பண்ற இன்னிக்கு வரைக்கும் குழந்தை பிறக்கலை. பையனா பிறந்தா என்ன பெயர்னு கேட்டேன். "ஐயோ, அதுக்கு இன்னும் சண்டை முடியலை"ன்னாள்.

இவ்வளவுதான் மக்களே இந்த வாரம். உங்க வீட்டுல யார் பெயரை உங்களுக்கு வெச்சாங்க, ஏன் வெச்சாங்கன்னு கேட்டிருக்கீங்களா? கேட்கலைன்னா, இன்னிக்கே வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. ஆச்சி, அப்பத்தா, நன்னிம்மா யாரா இருந்தாலும் சரி, அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க. கிடைச்ச கதையை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் திரும்ப டேட்டாபேஸ் பேசுவோம், அந்தக் 'கடைசிப் பெயர்' ஸ்டாரை நான் எப்படி எடுத்தேன்னு. அதுவரைக்கும் பத்திரமா இருங்க!